மேல் வீட்டுக் கரண்டி

டங், டங், டங்! மேல் வீட்டு ஜன்னல் கம்பியில் கரண்டி அடிபடும் சத்தம் கேட்டதும் டிரைவிங் மாஸ்டர் அண்ணாந்து பார்த்தார். திறந்து வைத்திருந்த கிரில் அடுப்பின் மூடியைப் படாரென்று சாத்தினார்.

"பாத்தியா, டீச்சரம்மாவுக்குப் புகை ஒத்துக்கல" என்று மனைவியிடம் கிசுகிசுத்தார். "இந்தத் தடவை ஹவுஸ் ஓனர்கிட்ட போட்டுக் குடுக்கத்தான் போறாங்க."

மாடியில் தனியாக இருக்கும் அந்த ஓய்வுபெற்ற டீச்சரம்மா முறைத்தால் தெருவே வாயை மூடிக்கொள்ளும். போன ரெண்டு தடவை கறி சுட்டபோதும் சமாதானத்துக்காக முதல் தட்டை அவருக்குத்தான் அனுப்பினார்கள். கழுவின தட்டு திரும்பி வந்ததே தவிர, ஒரு வார்த்தை வரவில்லை.

"ஓனர் கெடக்கட்டும்ங்க. ரெண்டு தடவையும் கறி டயர் மாதிரி வந்துச்சு. இன்னிக்கும் அப்படியே வந்தா அடுப்பு நேரா பழைய இரும்புக் கடைக்குத்தான், சொல்லிட்டேன்!"

மாஸ்டருக்கு அந்த அடுப்பு என்றால் உயிர். பன்றி விலா எலும்பில் உப்பு, மிளகுத்தூள், சர்க்கரை எல்லாம் தடவி, கரித்தணலை ஒரு ஓரம் தள்ளி, கறியை மறு ஓரம் வைத்து, எல்லாம் முறைப்படிதான் செய்திருந்தார். இனி மூடியைத் திறக்காமல் மணிக்கணக்கில் வேகவிட்டால்தான் கறி மெத்தென்று வரும். ஆனால் நாள் முழுக்கப் பக்கத்து சீட்டிலிருந்து "அவசரப்படாதே, அவசரப்படாதே" என்று கத்துகிற மனிதருக்கு வீட்டில் பத்து நிமிஷம் சும்மா உட்கார முடிந்தால்தானே!

"லேசா ஒரே ஒரு தடவை பாத்துடறேன்."

மூடியைத் தூக்கினார். குபுகுபுவென்று புகை கிளம்பியது. டங், டங், டங்!

மூடினார். சத்தம் நின்றது. கால் மணி நேரம் கழித்து, சாஸ் தடவுகிற சாக்கில் மறுபடி தூக்கினார். டங், டங், டங்! இந்தத் தடவை அதோடு நிற்கவில்லை. மாடிப்படியில் செருப்புச் சத்தம் இறங்கி வந்தது.

"ஐயய்யோ, வர்றாங்க!"

மனைவி நைசாக உள்ளே நழுவிவிட்டாள். மாஸ்டர் பாவம், அழாத குறையாகத் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டார். கரண்டியும் கையுமாக டீச்சரம்மா எதிரே வந்து நின்றார்.

"டீச்சர், மன்னிச்சுக்குங்க. தொந்தரவு பண்ணணும்னு செய்யல. இதோ, இப்பவே அணைச்சிடறேன். இனிமே இந்த அடுப்பைத் தொடவே மாட்டேன்."

"வாளியைக் கீழ வைங்க!"

அதட்டிய அதட்டலில் மாஸ்டர் வைத்துவிட்டார். டீச்சரம்மா ஒரு நாற்காலியை அடுப்புப் பக்கமாக இழுத்துப் போட்டுச் சட்டமாக உட்கார்ந்தார்.

"புகையைப் பத்தி இங்க யாரு பேசினா? இன்னும் ரெண்டு மணி நேரத்துக்கு இந்த மூடியில நீங்க கை வைக்கக் கூடாது தம்பி, எனக்கு இருக்கறதே நாலு பல்லு!"