மூன்றாம் மாடியில் நிற்காத லிஃப்ட்

ஜூன் பதினான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, ஆறு மாடிக் கட்டடத்தின் குடியிருப்போர் கார் நிறுத்துமிடத்தில் கூடியிருக்கிறார்கள். பழுதாகிக் கிடக்கும் லிஃப்டை நீக்கிவிட்டுத் தம் செலவிலேயே புதியது போட்டுத்தர, மேல் இரண்டு மாடிகளையும் வாங்கிய செல்வந்தர் முன்வந்திருக்கிறார். கீழ் நான்கு மாடிகளில் அது நிற்கக் கூடாது என்பது மட்டுமே அவருடைய நிபந்தனை. அவர் வரவில்லை, மேலாளரை அனுப்பியிருக்கிறார்.

கம்பிக்கதவின் வழியே விழும் வெயில் மேலாளரின் பளபளக்கும் காலணியைக் கடந்து, மூன்றாம் மாடி ஆசிரியையின் வீங்கிய முழங்கால்களில் படிகிறது. கழுவிய கார் ஒன்றிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. "படி ஏறினா உடம்புக்கு நல்லதுதானே மேடம்?" என்கிறார் மேலாளர். "அவ்வளவு நல்லதுன்னா உங்க முதலாளியையே ஏறச் சொல்லுங்க தம்பி, நூறு வயசு வரைக்கும் இருப்பாரு," என்கிறார் ஆசிரியை. பிளாஸ்டிக் நாற்காலிகள் குலுங்க எல்லோரும் சிரிக்கிறார்கள். "சம்மதம்னா கை தூக்குங்க," என்கிறார் சங்கச் செயலாளர். சிரித்த அதே மனிதர்களின் கைகள், பக்கத்து வீட்டாரின் முகத்தைப் பாராமல், ஒவ்வொன்றாக உயர்கின்றன. ஆசிரியையின் கணவருடைய கையும் உயர்கிறது.

"என்னங்க, என் காலு?"

"நாமளே லிஃப்ட் போடணும்னா பொண்ணு படிப்ப நிறுத்தணும். புது லிஃப்ட் இருக்குற கட்டடம்னா நம்ம வீட்டு விலையும் ஏறும்ல?"

"அது ஏறும். நான்?"

அவர் கையை இறக்கவில்லை.

ஒரே ஓர் எதிர்ப்புடன் தீர்மானம் நிறைவேறுகிறது. புதிய லிஃப்ட் தரைத்தளத்திலிருந்து நேராக ஐந்தாம் மாடிக்குச் செல்லும். படிக்கட்டைத் தூய்மையாக வைத்துக்கொள்வது ஏனையோரின் பொறுப்பு.