டிரையல் வண்டி

"முதலாளி டிரையல் பார்க்கப் போயிருக்கார்."

இதைச் சொல்லிச் சொல்லியே என் நாக்கு தேய்ந்துவிட்டது.

சௌத் பரேடில் எங்கள் கார் ஷோரூம். தினமும் காலை எட்டரைக்கும் சாயங்காலம் நாலுக்கும் முதலாளி ஆராவமுதன் புதுக் கார் ஒன்றைத் தானே எடுத்துக்கொண்டு கிளம்புவார். கூட ஒரு கஸ்டமரும் கிடையாது. திரும்பி வந்தால் பின் சீட்டில் ஒருநாள் கொண்டை ஊசி, ஒருநாள் கனகாம்பரம். துடைப்பது ஆம்ப்ரோஸ் ஆகிய நான். சேல்ஸ்மேன் என்று பேர்தான்!

நேற்று கிடைத்தது சிவப்பு ரிப்பன். மடையன் நான், அதை மேஜைமேல் வைத்துத் தொலைத்தேன். அந்த நேரம் பார்த்து முதலாளியின் சம்சாரம் ருக்கு அம்மா வந்தார்; கார் பின் சீட்டில் கிடைத்தது என்று உளறிவிட்டேன்.

இன்று காலை எட்டரைக்கு அந்த அம்மா கார் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தார். கையில் ரிப்பன்.

"நானும் வரேன்."

முதலாளிக்கு முகம் வெளிறிவிட்டது. "நீ எதுக்கு ருக்கு?"

"கண்டவாள்லாம் வரலாம், நான் வரப்படாதா? ரெண்டுல ஒண்ணு இன்னிக்குத் தெரியணும். இல்லேன்னா ராத்திரி ரயிலுக்கு நான் மெட்ராஸ் போறேன். ஆம்ப்ரோஸ், நீயும் ஏறு. எங்கப்பா கேட்டா சாட்சி வேணும்."

மாதாவே என்று முன்னால் ஏறினேன்.

கார் ஸ்ரீராம்புரத்துச் சந்து முனையில் நின்றது. கையில் புத்தகத்தோடு ஐந்து சிறுமிகள். மில் தொழிலாளி ஒருவர் ஓடி வந்தார்.

"சார், ரெண்டு பொண்ணுங்களுக்கு ஜுரம். வெயிட்டு குறையுதே! நான் வேணா ஏறிக்கட்டா?"

"வேணாம் பொன்னுரங்கம். இன்னிக்கு இவங்க ரெண்டு பேர் இருக்காங்க."

ஐந்தும் பின்னால் திமுதிமுவென்று ஏறின. "ஐ, என் ரிப்பன்!" என்றது ஒன்று. ருக்கு அம்மா அதை அவள் பின்னலில் கட்டிவிட்டார்.

அல்சூரில் ஹைஸ்கூல் வாசலில் பிள்ளைகள் இறங்கி ஓடின.

"ஏன்னா, வெயிட்டுன்னாரே, என்னது?"

"இவ்ளோ தூரம் நடக்க முடியாதுன்னு அந்தச் சந்துல பெத்தவாள்லாம் பொண்களைப் படிப்பை விட்டு நிறுத்திட்டா. என் கார்ல அனுப்புங்கோன்னேன். தர்மமெல்லாம் எங்களுக்கு வேணாம்னுட்டார் பொன்னுரங்கம். ரோஷக்காரர். அப்புறம், பாரம் ஏத்தி ஓட்டினாத்தான் புது ஸ்பிரிங் தாங்குமான்னு தெரியும், தயவு பண்ணி ஏத்தி விடுங்கோன்னு கெஞ்சினேன். இப்போ அவர்தான் எனக்கு உபகாரம் பண்றார்."

"எங்கிட்டயாவது சொல்லப்படாதா?"

"உன் வாயில தங்குமா?"

கோபமாக வாயைத் திறந்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"இந்த டிரையல் எத்தனை நாளைக்கு?"

"ஸ்ரீராம்புரத்துலயே நான் ஒரு ஹைஸ்கூல் கட்டி முடிக்கிற வரைக்கும்."

ருக்கு அம்மா முன் சீட்டுப் பக்கம் குனிந்தார். பிறகு என் தோளைத் தட்டினார்.

"ஆம்ப்ரோஸ், நீ எதையும் பார்க்கலை. யார் கேட்டாலும், முதலாளியும் அம்மாவும் டிரையல் பார்க்கப் போயிருக்கான்னு சொல்லு."