நாடு எப்படி இருக்கிறது

"ரொம்ப மோசம்" என்றான்.

சொன்ன பிறகுதான் குரல் ஓங்கிவிட்டது தெரிந்தது. கருத்துக் கணிப்புக்கு வந்த பெண் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. போன வருடத்தைவிட நாட்டின் பொருளாதாரம் எப்படி என்று கேட்டிருந்தாள். பதில் வந்தது. கையிலிருந்த டேப்லெட்டில் தட்டிவிட்டாள்.

நாட்டை அவன் எங்கே போய்ப் பார்த்தான்?

பார்த்ததெல்லாம் மூலையில் அட்டைப்பெட்டிக்குள் கட்டி வைத்திருந்த மிக்ஸியைத்தான். அவன் வேலை பார்த்த பனியன் கம்பெனியைப் பூட்டி மூன்று மாதம். இந்த மாதக் கடைசியில் வாடகைக்கு இருந்த லைன் வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போய்விடுவது என்று மனைவி முடிவு செய்துவிட்டாள். பெட்டிக்கு மேலே மகளின் பள்ளிக்கூடப் பை.

யாருக்கு ஓட்டு என்பது கடைசிக் கேள்வி. அதற்கும் கோபமாகவே பதில் சொன்னான்.

அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

போன் அடித்தது. கம்பெனி காண்ட்ராக்டர்.

"சென்னியப்பா, ஆர்டர் வந்திருச்சு. திங்கக்கெழம மிசின் ஓடுது, வந்துரு. ஆறு மாசத்துக்கு வேலை கெடக்குது. அப்புறம், ஓவர்லாக் மிசினுக்கு ஒரு ஆளு பத்தல. நல்ல ஆளா ஒண்ணு கூட்டிட்டு வா."

சரிங்க சரிங்க என்று எத்தனை முறை சொன்னான் என்று அவனுக்கே தெரியாது.

செருப்புக்கூடப் போடாமல் சந்துக்கு ஓடினான்.

சந்தில் அதே வெயில். தண்ணீர் லாரி இன்னும் வரவில்லை. காலிக் குடங்கள் வரிசையில் நின்றபடியே நின்றன. எதுவும் மாறியிருக்கவில்லை. ஆனாலும் நாட்டைப் பற்றி அநியாயமாக ஏதோ சொல்லிவிட்டோம் என்று மனசு உறுத்தியது.

"அம்மிணி, நான் சொன்னதக் கொஞ்சம் மாத்திக்கலாமுங்களா? மோசம்னு சொன்னேனில்லீங்க, பரவால்லைன்னு போட்டுக்குங்க."

அவள் திரும்பினாள்.

"இப்பத்தானேண்ணா சொன்னீங்க. அதுக்குள்ள என்னாச்சு?"

"வேலை வந்துருச்சுங்க."

அவள் சிரித்துவிட்டாள். கேலிச் சிரிப்பு இல்லை.

"சந்தோசம்ண்ணா. ஆனா அனுப்பியாச்சு. இனி மாத்த முடியாது."

அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

ஒரு வீடு விட்டு ஒரு வீடு கேட்க வேண்டும் என்பது அவளுக்குச் சொல்லி அனுப்பியிருந்த கணக்கு. பக்கத்து வீட்டைத் தாண்டி அடுத்த வாசலுக்குப் போனாள்.

தெய்வானை அக்காவின் வாசல்.

அதே கம்பெனி. பன்னிரண்டு வருடமாக அக்கா ஓவர்லாக் மிசினில் மூட்டித் தரும் துணியைத்தான் அவன் வாங்கி ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தான். பூட்டிய நாளில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வீட்டுக்கு நடந்து வந்தார்கள்.

வாசலில் இரண்டு சாக்குமூட்டைகள் கட்டியாகிவிட்டன. மூன்றாவதில் குக்கரின் கைப்பிடி துருத்திக்கொண்டிருந்தது. மறுநாள் காலை ஊருக்குப் பஸ் என்று அக்கா சொல்லியிருந்தாள்.

காண்ட்ராக்டர் பேசியதில் முன்பாதிதான் அவன் காதில் ஏறியிருந்தது. பின்பாதி இப்போதுதான் ஏறியது.

அந்தப் பெண் கதவைத் தட்டக் கையை உயர்த்தினாள். அக்கா என்ன பதில் சொல்வாள் என்று அவனுக்குத் தெரியும்.

"அம்மிணி, அம்மிணி!"

ஓடிப்போய்க் கதவுக்கும் அவளுக்கும் நடுவில் நின்றுகொண்டான். மூச்சு வாங்கியது.

"இந்த வீட்டுல மட்டும் ஒரு ரெண்டு நிமிசம் கழிச்சுக் கேளுங்க."

கதவை அவனே தட்டினான்.