இரண்டு பெருக்கல் குறி

சரக்... சரக்...

வெளியே யாரோ சுவரைச் சுரண்டும் சத்தம். இரவு மணி ஏழரை. மாடி வீட்டில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, மடியிலிருந்த குழந்தையை இறுக்கிக்கொண்டாள். சத்தம் நின்றது. செருப்புக் காலடி ஒன்று விலகிப் போனது.

காலையில் இறங்கிப் பார்த்தாள். மாடிப்படியை ஒட்டிய சுவரில் சாக்பீஸால் நீளமாக ஒரு கோடு. அதற்குக் கீழே இரண்டு பெருக்கல் குறி.

போன வாரம்தான் அந்த வாட்ஸ்அப் ஆடியோ வந்திருந்தது. 'திருடர்கள் சுவரில் குறி போட்டுவிட்டுப் போகிறார்கள். எத்தனை பெருக்கல் குறியோ, வீட்டில் அத்தனை பேர்.'

கணவன் கப்பலில். வீட்டில் அவளும் குழந்தையும். கணக்குச் சரியாக இருந்தது.

திரும்பினாள். கீழ் அறையில் தனியாகக் குடியிருக்கும் கூரியர்காரர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பேன்ட் முழுக்க வெள்ளை வெள்ளையாகத் தூள்.

அவரோடு போன வாரம் சண்டை வேறு. மலிவு விலையில் இரண்டு எல்இடி லைட் வாங்கி வண்டிக்கு முன்னால் மாட்டியிருந்தார். சந்துக்குள் அவர் திரும்பியதுமே, கேட்டருகே நின்றிருந்த அவள் இடுப்பிலிருந்த குழந்தை கண்ணைக் கசக்கிக்கொண்டு வீறிட்டது.

"அறிவில்ல? பச்சக் குழந்தைங்க இது!" என்று கத்தினாள்.

"சரிங்கம்மா" என்றார். அவ்வளவுதான்.

அந்த ஆத்திரம் இப்படித் திரும்புகிறதா? சுவரைப் போட்டோ எடுத்தாள். 'கீழ் அறை ஆள்தான். எல்லோரும் ஜாக்கிரதை' என்று குடியிருப்பு குரூப்பில் போட்டாள். நேராக வீட்டுக்காரம்மாவிடம் ஓடினாள்.

"தனி ஆளுக்கு ரூம் குடுக்காதீங்கன்னு என் மருமகன் அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டான்" என்றபடி வந்தாள் வீட்டுக்காரம்மா. "ஏன்யா, சுவத்துல கிறுக்கினது நீதானா?"

"ஆமாங்க."

"எதுக்கு?"

அவர் ஒரு கணம் இவளைப் பார்த்தார். உடனே தலையைக் குனிந்துகொண்டார்.

"லைட்டுக்குங்க..."

"லைட்டுக்கும் சுவத்துக்கும் என்னய்யா சம்பந்தம்? யார் காதுல பூ சுத்துற?"

அவர் மறுபடி வண்டியைத் துடைக்கத் தொடங்கினார்.

"பொழுது சாய்ஞ்சு நான் வந்து பார்க்கும்போது ரூம் காலியா இருக்கணும்."

சாயங்காலம் வேலை முடிந்து, காப்பகத்திலிருந்து குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். இருட்டிவிட்டிருந்தது. கூரியர்காரரின் அறை வாசலில் ஒரு பையும் சுருட்டிய பாயும். வீட்டுக்காரம்மா கையைக் கட்டிக்கொண்டு காவலுக்கு நின்றிருந்தாள்.

குழந்தையோடு வந்தவள் யாரையும் பார்க்காமல் மாடிப்படிக்குப் போனாள். சுவரைப் பார்த்து நின்றிருந்த வண்டியில் ஏறி உட்கார்ந்து அவர் சாவியைத் திருகினார். பளீரென்று லைட் எரிந்தது.

சட்டென்று குழந்தையின் கண்ணைப் பொத்தினாள்.

பொத்தத் தேவையே இருக்கவில்லை. வெளிச்சம் அவள் செருப்பில் விழுந்து, புடவையில் ஏறி, முழங்கை வரை வந்து, கத்தரித்தாற்போல நின்றுவிட்டது. பக்கத்துச் சுவரில் அது சரியாக அந்தச் சாக்பீஸ் கோட்டோடு நின்றது. அதற்கு மேலே, இருட்டில், குழந்தை கொட்டாவி விட்டது.

"இதுக்குத்தானா அந்தக் கோடு?" என்று கேட்டாள் அவள்.

"ஆமாங்கம்மா. மட்ட லைட்டு, வெளிச்சம் கண்டபடி தெறிக்குது. பவுடர் டின்னை வெட்டி லைட்டுக்கு மேல புருவம் மாதிரி வச்சிருக்கேன். ரெண்டு லைட்டும் எங்க விழணும்னு ரெண்டு குறி. அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது."

"இதைக் காலைலயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?" என்றாள் வீட்டுக்காரம்மா.

அவர் பின்னந்தலையைச் சொறிந்தார். "ஏன் அந்த உயரத்துலன்னு கேப்பீங்களே."

"கேட்டா?"

"பாப்பா முகத்துக்குக் கீழங்க. தங்கச்சி தூக்கிட்டு நிக்கும்போது, கேட்டுல மூணாவது கம்பிக்கு மேலதான் பாப்பா முகம் இருக்கும். அந்தக் கம்பியத்தான் அளந்தேன். ஆனா ஒரு பொம்பள நிக்கிற உயரத்தக் கணக்குப் பண்ணினேன்னு சொன்னா... அதுக்குத் திருடன் பட்டமே தேவலாம்னு தோணிச்சு."

"அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று வீட்டுக்காரம்மா நழுவினாள்.

"தப்பு என்னுதுண்ணா. போயிடாதீங்க" என்றாள் அவள். அவரை அண்ணா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"பாப்பாவுக்குப் பனி ஒத்துக்காது. மேல போங்கம்மா."

போகிறேன் என்றும் சொல்லவில்லை, இருக்கிறேன் என்றும் சொல்லவில்லை.

மேலே வந்து போனைத் திறந்தாள். குரூப்பில் பதினோரு பேர் பதில் போட்டிருந்தார்கள். 'முதல்ல விரட்டுங்க.' 'போலீஸுக்குச் சொல்லுங்க.' 'மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது.'

போட்டோவை அழித்துவிடலாம். விரல் அதன் மேல் நின்றது. அப்போதுதான் உறைத்தது, அவரும் அதே குரூப்பில்தான் இருக்கிறார். காலையிலிருந்து எல்லாவற்றையும் படித்திருப்பார்.

அழிக்கவில்லை. அதன் கீழேயே எழுதினாள்:

'இது திருடன் போட்ட குறி இல்லை. என் குழந்தைக்குக் கண் கூசக்கூடாது என்று நம் கூரியர் அண்ணன் போட்ட கோடு. அவரைத் திருடன் என்று சொன்னவள் நான்.'

அனுப்பினாள். ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். ஒருவரும் பதில் போடவில்லை.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் கிளம்பினால் முதலில் பூட்டு மாட்டும் சத்தம், பிறகு வண்டிச் சத்தம்.

கீழே பாயை இழுக்கும் ஓசை. கதவு கிறீச்சிட்டது.

பிறகு, அந்தக் கதவை உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.