பில்லில் ஏறிய நம்பர்

கொஞ்சம் நெருங்கி உக்காருங்க. சத்தமாச் சொன்னா ஒரு பிள்ளைக்கு வேலை போயிரும்.

ஆடித் தள்ளுபடி சமயம். வெளியே சாரல். தென்காசி ரதவீதியில இருக்க அந்த ஜவுளிக்கடையில ஈரக்குடையை ஊன்ற இடமில்லை. ரெங்கம்மாள் மருமக சுஜிதாவையும் கூட்டிட்டு வந்து, அவளுக்குப் பச்சைச் சேலை ஒண்ணு எடுத்துக்கிட்டு, பில் போடுற வரிசையில நின்னா.

"பேரு?" கம்ப்யூட்டர் முன்னால இருந்த பிள்ளை நிமிந்து பாக்கல. ஷெர்லின்னு பேர் அட்டை குத்தியிருந்தா.

"சுஜிதா," மருமக பேரையே சொன்னா ரெங்கம்மாள்.

"போன் நம்பர்?"

"சேலைக்கு எதுக்குட்டி போன் நம்பர்? அது யாருக்குப் பேசப் போவுது?"

வரிசையே சிரிச்சுது. ஷெர்லின் சிரிக்கல.

"நம்பர் இல்லாம பில் வராது ஆச்சி."

ரெங்கம்மாள் மருமகளைத் தன் பின்னால தள்ளி நிறுத்தினா. காரணம் இருக்கு.

போன சித்திரையில சிவகிரியில ஒரு கடையில இப்படித்தான் கேட்டு, சுஜிதா குடுத்துட்டா. மறுநாள்ல இருந்து பிளாட் வேணுமா, லோன் வேணுமான்னு போன் மேல போன். பட்டாளத்துல இருக்க மகன் மாரி லீவுல வந்திருந்தான். சாப்பிட்டுக்கிட்டே பெண்டாட்டி போனை எடுத்தான்.

"சுஜிதா மேடம் இருக்காங்களா? நேத்துப் பேசினோமே, என்ன முடிவு பண்ணியிருக்காங்க?"ன்னு எவனோ ஒருத்தன் தேன் ஒழுகக் கேட்டிருக்கான்.

அவ்வளவுதான். மாரி பிசைஞ்ச சோத்தை அப்படியே வச்சுட்டு எந்திரிச்சுட்டான். அவ நம்பரையே மாத்துன பிறகும் ரெண்டு மாசம் பெண்டாட்டிகிட்டப் பேசல. இப்பத்தான் மனசு எளகி, "பச்சைச் சேலை ஒண்ணு எடுத்துக்கோ"ன்னு சொல்லியிருக்கான். இனி அப்படி ஒரு போன் வந்தா அந்தப் பிள்ளை வாழ்க்கை என்னாவது?

ரெங்கம்மாள் கல்லாவுல இருந்த முதலாளி பாண்டியராஜைப் பாத்துத் திரும்பினா.

"அண்ணாச்சி, நம்பர் தர முடியாது. பில்லைப் போடச் சொல்லுங்க."

"நம்பர்ல என்ன ஆச்சி இருக்கு? வெறும் பத்து எண்ணு. தப்பு பண்ணாதவங்க எதுக்குப் பயப்படணும்?"

"அப்ப உங்க பத்து எண்ணைச் சொல்லுங்க. நானும் வச்சுக்கிடுதேன்."

"அது என் சொந்த நம்பர்லா! கண்டவங்ககிட்டயும் குடுக்க முடியுமா?"

சொல்லி வாய் மூடல, அவர் போன் அடிச்சுது. எடுத்தார். "இல்லவே, தப்பு நம்பர்!" வச்சார். திரும்ப அடிச்சுது. அவர் பக்கத்துல பிளாட் நோட்டீசோட நின்ன ஒரு ஆளு, கடைக்கு வாரவங்க நம்பர் லிஸ்ட் ஏத்தின பென்டிரைவைச் சட்டைப்பையில போட்டுக்கிட்டுக் கிளம்பினான்.

"ஆச்சி, பின்னால ஆளு நிக்காவ. சீக்கிரம் சொல்லுங்க," ஷெர்லின் அவசரப்படுத்தினா.

வரிசையில எல்லாரும் உச்சுக்கொட்ட, சுஜிதா தலையைக் குனிஞ்சுக்கிட்டு நம்பரைச் சொன்னா. அவ ஆறாவது எண்ணைச் சொல்றதுக்குள்ள ஷெர்லின் தட்டி முடிச்சுட்டா.

"உனக்கும் ஒருநாள் கல்யாணம் ஆகும்ட்டி. அப்பத் தெரியும் இந்த வலி," ரெங்கம்மாள் பையைப் பிடுங்கிட்டு நடந்தா.

அன்னையில இருந்து போன் அடிச்சாலே ரெங்கம்மாளுக்குத் திக்குனு இருக்கும். ஒரு நாளாச்சு, பத்து நாளாச்சு. மாரியைத் தவிர ஒருத்தனும் கூப்பிடல.

ஜாக்கெட் துணி நிறம் ஒத்துவரல, மாத்தணும்னு பில்லை எடுத்தப்பதான் சுஜிதா பாத்தா.

"அத்தே, பில்லுல இருக்கது நம்ம நம்பர் இல்ல!"

"பாத்தியா, ஒரு நம்பரைக்கூட ஒழுங்கா அடிக்கத் தெரியல. இதைச் சாக்கா வச்சுத் துணியை மாத்தித் தர மாட்டம்பாவ. வா, அந்தப் பிள்ளையை முதலாளி முன்னாலயே நாலு கேள்வி கேக்கேன்."

கடைக்குள்ள நுழைஞ்சு ரெங்கம்மாள் கல்லாவுக்கு நேரே போனா. "இது யாரு நம்பருன்னு பாப்போம்"னு சுஜிதா பின்னால நின்னு, அத்தை கையில இருந்த பில்லைப் பாத்துத் தன் போன்ல நம்பரை அமுக்கினா.

கல்லா மேல இருந்த போன் அடிச்சுது.

பாண்டியராஜ் எடுத்ததும் எரிஞ்சு விழுந்தார். "யாருவே? நான் உமாராணியும் இல்ல, ரூபியும் இல்ல, சுஜிதாவும் இல்ல! எனக்குப் பிளாட்டும் வேண்டாம், லோனும் வேண்டாம்! சாமி கும்பிட விடுதியளா, சாப்பிட விடுதியளா?"

சுஜிதா படக்குனு போனை வச்சுட்டா. ரெங்கம்மாள் மெதுவாத் திரும்பிப் பாத்தா. கம்ப்யூட்டர் முன்னால ஷெர்லின் முகம் சுண்ணாம்பா வெளுத்திருந்தது. பில்லு ரெங்கம்மாள் கையில. அவ வாயைத் திறந்தா அந்தப் பிள்ளை இன்னைக்கே வீட்டுக்குப் போகணும்.

"என்ன ஆச்சி, பில்லுல ஏதும் தப்பா?" பாண்டியராஜ் கேட்டார்.

"ஒரு தப்பும் இல்ல அண்ணாச்சி. இவ்வளவு சரியா நான் ஒரு பில்லைப் பாத்ததே இல்ல," ரெங்கம்மாள் பில்லை மடிச்சு முந்தியில முடிஞ்சுக்கிட்டா. "ஜாக்கெட் துணியை மட்டும் மாத்தணும்."

பாண்டியராஜ் காதுல விழுந்த மாதிரியே தெரியல. போனைக் கழட்டிப் புது சிம்மைச் சொருகிக்கிட்டிருந்தார். "இவனுவ தொல்லைக்கு நம்பரையே மாத்திட்டேன். ஏ ஷெர்லின், கடை அவசரத்துக்கு நீ மட்டும் எழுதி வச்சுக்கோ. வேற ஒருத்தருக்கும் தெரியக் கூடாது, என்ன?"

"சரி அண்ணாச்சி."

ஷெர்லின் சின்னக் காகிதத்துல பத்து எண்ணையும் எழுதிக் கம்ப்யூட்டர் ஓரத்துல ஒட்டினா. வரிசையில அடுத்து நின்ன பொண்ணு, கைக்குழந்தையை மாத்தி இடுக்கிக்கிட்டுத் தயங்கினா. "அக்கா, நம்பர் கண்டிப்பாக் குடுக்கணுமா?"

"கண்டிப்பா," கடை முழுக்கக் கேக்குற மாதிரிச் சொல்லிட்டு, காகிதத்தைப் பாத்துத் தட்ட ஆரம்பிச்சா ஷெர்லின்.