இரண்டில் எது பழசு?

"உள்ள ஏதாவது தெரியுதாப்பா?" எலியானா மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

"ஒண்ணுமே இல்லம்மா. சுத்தமா காலி" என்றான் நிபால்தோ, கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். எலியானா டீ போடப் போனார்.

துறைமுகத்துக்கு மேலே, குன்றின் மீதிருந்த தீயணைப்பு நிலையம் அது. நிபால்தோவுக்குப் பிழைப்பு கம்ப்யூட்டர் கடை. சைரன் அடித்தால் தீயணைப்பு வீரன். அங்கே எல்லாரையும் போல அவனுக்கும் சம்பளம் கிடையாது, சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ்தான். பதினைந்து வருஷமாக அதைப் பெருமையாகக் குத்தியிருந்தான்.

நிலையத்து சர்வர் அடிக்கடி படுத்துக்கொண்டதால், கேப்டன் லியோனிதாஸ் முந்தின நாள் காலையில் புது டிஸ்க் ஒன்றை மாட்டி வைத்திருந்தார். பழையதைத் தொடாமல், புதியதில் சிஸ்டத்தை ஏற்ற வேண்டும். பழையதில்தான் செயலாளர் எலியானாவின் பட்டியல் இருந்தது: எந்த வீட்டில் யார் படுத்த படுக்கை, எந்த அறையில், எங்கே கைக்குழந்தை. பதினோரு வருஷம் குன்றுப் படிகளில் ஏறி இறங்கி அவர் சேர்த்த பட்டியல்.

சிஸ்டத்தை ஏற்றும் இன்ஸ்டாலரோ, டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கிற இடத்துக்கு வந்து வந்து முரண்டு பிடித்தது. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. ஒன்றில் பிரித்துவைத்த பகுதி, பார்ட்டிஷன், இருந்தது, மற்றது மொத்தமும் வெற்றிடம். வெற்றிடமாக இருப்பது புதுசு என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். பெட்டியைத் திறந்து பார்க்கச் சோம்பல்பட்டு, அதையே புதிதாகப் பிரித்து ஏற்றி முடித்தான்.

பிறகு மற்ற டிஸ்க்கில் பட்டியலைத் தேடினான். அங்கே கம்பெனிக்காரன் போட்டு அனுப்பிய வெறும் பார்ட்டிஷன்தான் இருந்தது. பெட்டியைத் திறந்து, லேபிள் எண்ணைத் திரையோடு ஒப்பிட்டான். அவன் சிஸ்டத்தை ஏற்றியிருந்தது தூசி படிந்த பழைய டிஸ்க்கில்.

டிஸ்க் தானாகவே செத்துப்போச்சு என்று சொல்லிவிடலாமா என ஒரு கணம் நினைத்தான். அப்படி நினைத்ததற்கும் சேர்த்து வெட்கப்பட்டுக்கொண்டு சமையலறைக்குப் போனான்.

அங்கே கேப்டன் ரொட்டியில் அவகாடோ தடவிக்கொண்டிருந்தார். "வாய்யா! அணைச்சுட்டியா, இல்ல எரிய விட்டுட்டியா?"

"பட்டியல் போச்சு கேப்டன். பழைய டிஸ்க் மேலயே ஏத்திட்டேன். இனிமே மீட்க முடியாது."

கேப்டன் கையிலிருந்த கத்தி தட்டில் விழுந்தது. "எழுதி வச்ச காகிதத்தையெல்லாம் போன குளிருக்கு அடுப்புல போட்டாச்சேய்யா! உன் கண்ணு எங்க போச்சு? இப்ப ஒரு வீடு பத்திக்கிட்டா எந்த ரூம்ல போய் யாரைத் தேடுவ? இந்தம்மாவுக்கு மூட்டு தேஞ்சதே இதுக்காகத்தான்!"

நிபால்தோவுக்கு எலியானாவை நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லை. அவர் டீப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தது மட்டும் தெரிந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவர் சத்தம் வராமல் அழுதார்.

"எலியானாம்மா, ஞாயித்துக்கிழமைதோறும் நானே படியேறி, வீடு வீடா கேட்டு எழுதித் தரேன்" என்றான். "ஆனா இதைப் போட்டுக்க இனிமே எனக்கு யோக்யதை இல்ல."

பேட்ஜைக் கழற்றி மேஜையில் வைத்தான். கேப்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டே அதை எடுக்கக் கை நீட்டினார்.

எலியானா சட்டென்று அதன் மேல் தன் கையை வைத்து மூடினார்.

"அவனை விட்டுடுங்க கேப்டன். இவனுக்கு வேலை மிச்சமாகட்டுமேன்னு, புதுசுன்னு நெனச்சு நேத்தே அந்தப் பழைய டிஸ்க்கை முழுசா அழிச்சது நான்தான்."