பன்னிரண்டு மணிக் குரல்

கூரையில் இருந்த ஒலிபெருக்கி கரகரத்ததும் அவள் கையைத் தூக்கினாள்.

குளியலறையில் இருந்த கணவர் குழாயை மூடினார்.

பெண் குரல். ஆங்கிலம். கப்பல் இப்போது எங்கே இருக்கிறது, என்ன வேகத்தில் போகிறது, அடியில் கடல் எவ்வளவு ஆழம், சாயங்காலம் காற்று எப்படி இருக்கும்.

அவளுக்குப் பாதி புரிந்தது. அந்தப் பாதியையும் விட்டுவிட்டுக் குரலை மட்டும் கேட்டாள்.

"தொண்டை கட்டியிருக்கு."

"ஏசிக்குள்ளயே நிக்கா, கட்டாம என்ன செய்யும்?" என்றார் அவர்.

மகள் இந்தக் கப்பலில் இரண்டாம் அதிகாரி. மேலே, கப்பலை ஓட்டும் அறையில் இருந்து பேசுகிறாள். அங்கே பயணிகள் போகக்கூடாது. ஏறிய அன்று படிக்கட்டருகே வெள்ளைச் சட்டையில் ஒரு நிமிடம் பார்த்ததுதான்.

"எம்மவ எம்மவன்னு கப்பல் பூரா சொல்லிட்டுத் திரியாதம்மா" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

அதை அவளுக்குச் சொல்லவே வேண்டாம். இத்தனை பேர் இருக்கும் இடத்தில் சொன்னால் கண் பட்டுவிடாதா? தூத்துக்குடியில் இருந்து ஒரு முடிச்சுக் கல்லுப்பு கொண்டுவந்திருந்தாள், மகள் தலையைச் சுற்றிப் போட.

தலைதான் கிடைக்கவில்லை.

மற்றபடி கப்பலைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்தது. அறைக்கு ஜன்னல் இல்லை. விடிந்ததா என்று பார்க்க லிஃப்டில் மேலே போக வேண்டும். லிஃப்டுக்கு வரிசை. தயிர் இனித்தது. மேல்தளத்தில் உட்கார ஒரு நாற்காலி கிடையாது. பஸ்ஸில் இடம் பிடிப்பது மாதிரி எல்லாவற்றிலும் துண்டைப் போட்டுவிட்டு ஆட்கள் எங்கோ போயிருந்தார்கள். நனைந்த உள்பாவாடையைக் காயப்போட ஒரு கொடி இல்லை.

கணவர் எல்லாவற்றையும் உரக்கச் சொன்னார்.

அவள் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. மகள் ஓட்டுகிற கப்பலை எப்படிக் குறை சொல்வது? கேப்டன் என்று ஒருவர் இருப்பதை அவள் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. ஆட்டத்தில் குடல் வெளியே வரும்படி வாந்தி எடுத்தபோதுகூட, பழியை முந்தின இரவு தின்ற நூடுல்ஸ் மேல் போட்டாள்.

மதியச் சாப்பாட்டுக்கு எதிர் அறை தெய்வநாயகி வந்து உட்கார்ந்தாள். கரூர்க்காரி. பேச ஆள் கிடைத்தால் விடமாட்டாள்.

"ஏனுங்கக்கா, காலைப் பலகாரம் தின்னுபோட்டுச் செத்த கண்ணசரலாம்னா உடறாங்களா? தெனமும் ஒரு புள்ள மைக்கைப் புடிச்சுக்கறா. கடல் எவ்வளவு ஆழமா இருந்தா நமக்கென்னுங்க, எறங்கிக் குளிக்கவா போறோம்?"

கணவர் வாயைத் திறந்தார். அவள் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தாள்.

"வாங்க, ரிசப்ஷன்ல சொல்லிப்போடலாம். ரெண்டு பேராச் சொன்னாத்தான் கேப்பாங்க."

அது என் மகள்.

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இனிப்புத் தயிரோடு சேர்த்து விழுங்கினாள். எழுந்து கூடவே போனாள்.

வரவேற்பில் இருந்தவருக்குத் தமிழ் தெரிந்திருந்தது. தெய்வநாயகி ஒரு மூச்சுக்குச் சொல்லி முடிக்கும்வரை தலையாட்டினார். அவர்கள் அறையில் சத்தத்தைக் குறைத்துவிடலாம் என்றார்.

"உங்க ரூம்லயும் குறைக்கணுமா மேடம்?"

"எங்க ரூம்ல கூட்டணும்" என்றாள் அவள். "எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு."

தெய்வநாயகி திரும்பிப் பார்த்தாள். பிறகு பாவப்பட்டாள்.

"காது கொஞ்சம் மந்தமுங்களா அக்கா?"

"ஆமா."

வாசலில் கோலம் போடும்போதே அடுப்படியில் பால் பொங்குவதைக் கேட்கிற காது. இன்றைக்கு அதற்கு இந்தக் கதி.

மறுநாள் பன்னிரண்டுக்கு முன்பே கணவர் சலவைச் சட்டை போட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவளும் பட்டுப்புடவையில்தான் இருந்தாள்.

குரல் வந்தது. மேசையில் கண்ணாடிக் குவளை அதிர்ந்தது. அறை முழுக்க மகள்.

தொண்டை சரியாகியிருந்தது.

இத்தனை பெரிய கப்பல், இத்தனை ஜனம், எல்லாரும் அவள் மகள் சொல்லித்தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்கிறார்கள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

குரல் நின்றதும் கதவு தட்டப்பட்டது. தெய்வநாயகி.

"எங்க ரூம்ல கொறைச்சும் பிரயோசனமில்லீங்க, உங்க ரூம்ல இருந்து கேக்குது." உள்ளே எட்டிப் பார்த்து மேலே கூரையைப் பார்த்தாள். "ஆனா சும்மா சொல்லக்கூடாதுங்கக்கா, கணீர்னுதான் பேசுது. யாரு பெத்த புள்ளையோ!"

அவள் சிரித்தாள். சிரித்தபடியே கதவைச் சாத்தினாள்.

பையைத் திறந்து உப்பு முடிச்சை அவிழ்த்தாள். கை நிறைய அள்ளிக்கொண்டு, பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகி, கட்டில் மேல் ஏறினாள்.

ஒலிபெருக்கியைச் சுற்றி மூன்று முறை கையைச் சுழற்றினாள்.

கப்பல் ஆடியது. கணவர் அவள் கால்கள் இரண்டையும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு சுத்து சுத்து" என்றார்.